காதுக்கு வந்த சிரிப்பு: இலவச ஒலிநூல்களில் பழைய நகைச்சுவை இலக்கியம்

நகைச்சுவை எழுத்தை உரக்க வாசிப்பது கடினமான வேலை. சோகக் கதையைச் சுமாராக வாசித்தாலும் சோகத்தில் பாதியாவது கேட்பவரிடம் வந்துசேரும். சிரிப்பில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு சொல் அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் வேடிக்கை முழுவதும் கெட்டுவிடும். வாசிப்பவரே சிரித்துவிட்டால் கேட்பவருக்குச் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்ட எழுத்தை, நடிப்பிலோ வாசிப்பிலோ பயிற்சி இல்லாத தன்னார்வலர்கள் வீட்டின் ஒரு மூலையில் மைக்கை வைத்து வாசித்து, உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஜெரோம் கே. ஜெரோம், மார்க் ட்வைன், சாகி, ஸ்டீஃபன் லீகாக், லூயிஸ் கரோல், எட்வர்ட் லியர் என ஆங்கில நகைச்சுவையின் பெரும்பகுதி இன்று காசில்லாமல் காதுக்குக் கிடைக்கிறது.

இந்தச் சேமிப்பு எப்படி உருவானது, அதில் எது நன்றாக ஒலிக்கிறது, எது ஒலிக்கவில்லை, ஏன் என்பதை ஒரு முறை முழுமையாகப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பழைய நகைச்சுவை இலக்கியத்தில் சிறந்தவற்றுள் பல, வாய்விட்டுச் சொல்லப்படுவதற்காகவே பிறந்தவை. அச்சு அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. குரல் இப்போது அவற்றை உரிய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது.

சேமிப்பின் அடித்தளம்

1877இல் எடிசன் தம் ஒலிப்பதிவுக் கருவியைச் சோதிக்க அதனிடம் சொன்னது ஒரு குழந்தைப் பாட்டு. அடுத்த ஆண்டே அவர் எழுதிய கட்டுரையில், அந்தக் கருவியால் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியலில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்களைச் சேர்த்திருந்தார். அது நடைமுறைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோருக்காக இசைத்தட்டுகளில் நூல்கள் பதிவாகத் தொடங்கின. அவை உரியவர்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டன.

எல்லோருக்குமான இலவச ஒலிநூலுக்கு மூன்று தூண்கள் தேவைப்பட்டன. முதலாவது, காப்புரிமை முடிந்த நூல்களின் மின்பதிப்பு. 1971இல் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் மைக்கேல் ஹார்ட் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்ததிலிருந்து வளர்ந்த புராஜெக்ட் குட்டன்பெர்க் இன்று 70,000க்கும் மேற்பட்ட நூல்களை வைத்திருக்கிறது. இரண்டாவது, கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். 1996இல் புரூஸ்டர் கால் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் அதைக் கொடுத்தது. மூன்றாவது, வாசிக்கும் மனிதர்கள். 2005 ஆகஸ்டில் கனடாவின் மான்ட்ரியலில் எழுத்தாளர் ஹியூ மெக்குவைர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் அவர்களை ஒன்றுசேர்த்தது. ஜோசப் கான்ராடின் ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’ நாவலை ஆளுக்கொரு அத்தியாயமாக வாசித்துத் தொடங்கிய அந்த முயற்சியில் இன்று 20,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன.

அங்கு வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். சேர விரும்புபவர் முதலில் ஒரு நிமிட அளவில் மாதிரிப் பதிவு ஒன்றை அனுப்புகிறார். அதில் பார்ப்பதெல்லாம் ஒலியின் அளவு சரியா, இரைச்சல் இருக்கிறதா என்பது மட்டுமே. குரல் இனிமையா, உச்சரிப்பு எந்த நாட்டினுடையது என்று யாரும் கேட்பதில்லை. பிறகு அவர் ஒரு நூலின் அத்தியாயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பதிவுசெய்கிறார். இன்னொரு தன்னார்வலர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்கிறார். வரி விட்டுப்போனதா, ஒரே வாக்கியம் இரண்டு முறை வந்துவிட்டதா, நடுவில் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறதா என்று குறித்துக் கொடுக்கிறார். வாசிப்பின் தரத்தை அவர் விமர்சிப்பதில்லை. ஒவ்வொரு பதிவும், தான் பொதுச் சொத்து என்ற அறிவிப்போடு தொடங்குகிறது. பதிவு செய்தவர் தம் குரலின் மீதுள்ள உரிமையையும் விட்டுக்கொடுக்கிறார் என்பது இதன் பொருள். அதை யாரும் நகலெடுக்கலாம், வானொலியில் ஒலிபரப்பலாம், விற்கவும் செய்யலாம்.

இந்தத் திறந்த கதவால் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. ஒரே நூலுக்குப் பல வாசிப்புகள் கிடைக்கின்றன. ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். ஆனால் பலர் பங்கிட்டு வாசித்த நூலில், அருமையான ஒரு குரலுக்கு அடுத்த அத்தியாயத்திலேயே தடுமாறும் குரல் வரக்கூடும். தீவிரமான நாவல் இதைத் தாங்கிக்கொள்ளும். நகைச்சுவைக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. ஆகவே நகைச்சுவை நூலைத் தேர்ந்தெடுப்பவர், ஒரே ஆள் முழுவதையும் வாசித்த பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

சட்டம் போட்ட கோடு

எதை இலவசமாகக் கேட்கலாம் என்பதைத் தீர்மானிப்பது காப்புரிமைச் சட்டம். லிப்ரிவாக்ஸ் அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. அங்கே அந்தக் காலத்து நூல்களுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் காப்புரிமை. 1998இல் வந்த நீட்டிப்புச் சட்டத்தால் 20 ஆண்டுகள் எந்தப் பழைய நூலும் விடுபடவில்லை. 2019 ஜனவரி 1 அன்றுதான் 1923இல் வெளியானவை விடுபட்டன. அதன்பின் ஆண்டுதோறும் ஓராண்டுச் சரக்கு சேர்கிறது. 2026 தொடக்கத்தில் 1930இல் வெளியான நூல்கள் வந்தன.

இந்தியாவில் கணக்கு வேறு. இங்கே ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள். தாகூரின் எழுத்துகளுக்கான 50 ஆண்டுக் காலம் முடிந்த வேளையில், 1992இல் செய்த திருத்தம் அதை 60 ஆக்கியது. பிரிட்டனில் 70 ஆண்டுகள். இந்த வேறுபாடு பி. ஜி. உட்ஹவுஸ் விஷயத்தில் கூர்மையாகத் தெரிகிறது. அவர் இறந்தது 1975இல். 1919இல் வெளியான ‘மை மேன் ஜீவ்ஸ்’ அமெரிக்காவில் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது. இந்தியாவில் 2035 முடியும்வரையும், பிரிட்டனில் 2045 முடியும்வரையும் காப்புரிமை இருக்கிறது. தம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு லிப்ரிவாக்ஸ் கேட்பவர்களிடம் சொல்வது இதனால்தான். ஜெரோம் 1927இலும் ட்வைன் 1910இலும் சாகி 1916இலும் லீகாக் 1944இலும் மறைந்தவர்கள். அவர்கள் விஷயத்தில் இந்திய வாசகருக்கு எந்தத் தடையும் இல்லை.

சட்டக் கோட்டின் விளைவு ஒன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சிரிப்பு பெரும்பாலும் விக்டோரியா காலத்திலிருந்து முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகள் வரையிலானது. நூறு ஆண்டுகளுக்கு முன் சிரித்தவர்களின் கூச்சங்களும் வகுப்பு வேறுபாடுகளும் தப்பெண்ணங்களும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன.

மேடையில் பிறந்த எழுத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகைச்சுவை எழுத்தாளர் பலர் மேடைக் கலைஞர்களும் ஆவர். சார்லஸ் டிக்கன்ஸ் 1858 முதல் கட்டணம் வாங்கிக்கொண்டு தம் படைப்புகளைப் பொதுமேடையில் வாசித்தார். வாசிப்புக்கென்றே தம் நூல்களைச் சுருக்கி, திருத்தி, எங்கே எந்தத் தொனி வேண்டும் என்று பக்க ஓரத்தில் குறித்துவைத்தார். ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலின் நீதிமன்றக் காட்சி மக்கள் மிகவும் விரும்பிக் கேட்ட பகுதிகளில் ஒன்று. 1870 மார்ச்சில் லண்டனில் நடந்த விடைபெறும் வாசிப்பிலும் அது இடம்பெற்றது. வக்கீலின் ஆவேசமும் சாட்சி சாம் வெல்லரின் சாவதானமான பதில்களும் உள்ள அந்தக் காட்சியை இன்று ஒலிநூலில் கேட்பவர், டிக்கன்ஸ் அதை எதற்காகச் செதுக்கினாரோ அந்த வடிவத்திலேயே கேட்கிறார்.

மார்க் ட்வைன் இதை ஒரு கொள்கையாகவே எழுதிவைத்தார். 1895இல் அவர் எழுதிய, கதை சொல்வது எப்படி என்ற கட்டுரையின் சாரம் இது: நகைச்சுவைக் கதையின் பலம் சொல்லும் முறையில் இருக்கிறது. சொல்பவர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தாம் சொல்வதில் வேடிக்கை எதுவும் இருப்பதாக அவருக்கே தெரியாதது போல் இருக்க வேண்டும். இடையில் விடும் மௌனம் சரியான நீளத்தில் அமைய வேண்டும். கொஞ்சம் நீண்டால் கேட்பவர் விஷயத்தை ஊகித்துவிடுவார், குறைந்தால் அடி விழாது. இந்தப் பாடத்தை மேடைகளில் கற்றவர் அவர். கடனை அடைக்க உலகம் சுற்றி உரையாற்றிய அவர் 1896 ஜனவரியில் கொழும்பிலும் இறங்கினார். அந்தப் பயணம் ‘ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்’ என்ற நூலாயிற்று. அதையும் இலவச ஒலிநூலாகக் கேட்கலாம்.

தன் கதை சொல்பவர்கள்

ஒலிநூலில் மிகச் சிறப்பாக அமைவது, ஒரே ஆள் தன் குரலில் சொல்லும் கதை. ட்வைனுக்குப் புகழ் தேடித்தந்த, 1865இல் வெளியான தவளைக் கதையை எடுத்துக்கொள்வோம். சைமன் வீலர் என்ற கிழவர், வந்தவரை ஒரு மூலையில் நாற்காலியால் மறித்து உட்காரவைத்து, ஜிம் ஸ்மைலியின் பந்தயப் பைத்தியத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார். டேனியல் வெப்ஸ்டர் என்று ஓர் அரசியல் தலைவரின் பெயரைச் சுமக்கும் தவளைக்கு, வந்த அந்நியன் ரகசியமாக ஈயக் குண்டுகளைப் புகட்டிவிடுகிறான். 40 டாலர் பந்தயம் போய்விடுகிறது. கிழவர் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை, குரலை ஏற்றி இறக்கவும் இல்லை என்று ஆசிரியரே கதையில் சொல்லிவிடுகிறார். வாசிப்பவருக்கான கட்டளை கதைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை மதித்து ஒரே சீராக வாசிக்கும் தன்னார்வலர் வெற்றிபெறுகிறார். விதவிதமாகக் குரல் மாற்றி நடிக்க முயல்பவர் கதையைக் கெடுத்துவிடுகிறார்.

ஜெரோமின் ‘த்ரீ மென் இன் எ போட்’ (1889) இந்த வகையின் சிகரம். தேம்ஸ் நதியில் கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் படகில் போகும் மூன்று நண்பர்கள், ஒரு நாய். நதியின் வரலாற்றையும் காட்சிகளையும் சொல்லும் நூலாகத்தான் ஜெரோம் தொடங்கினார். வேடிக்கை பெருகி நூலையே எடுத்துக்கொண்டது. அன்னாசி டப்பா காட்சி ஏன் காதில் இவ்வளவு நன்றாக விழுகிறது என்று பார்க்கலாம். டப்பாவைத் திறக்கும் கருவி இல்லை. ஹாரிஸ் பேனாக்கத்தியால் முயன்று கையை வெட்டிக்கொள்கிறார். ஜார்ஜ் கத்தரிக்கோலால் முயல்கிறார், கண் தப்பிக்கிறது. கதை சொல்பவர் படகைத் தள்ளும் கொக்கிக் கழியால் முயன்று சேற்றில் விழுகிறார். பிறகு மூவரும் சேர்ந்து ஒரு கூரான கல்லையும் படகின் பாய்மரக் கழியையும் ஆயுதமாக்குகிறார்கள். டப்பா எல்லா வடிவத்துக்கும் நசுங்குகிறது, துளை மட்டும் விழவில்லை. கடைசியில் அதன் நசுங்கல் தங்களைப் பார்த்து இளிப்பதுபோல் தோன்ற, நதியில் வீசிவிட்டு ஓடுகிறார்கள். கண்ணால் படிக்கும்போது அவசரத்தில் நாம் முடிவுக்குத் தாவிவிடுவோம். காதால் கேட்கும்போது தாவ முடியாது. ஒவ்வொரு முயற்சியும் அதன் முழு நேரத்தை எடுத்துக்கொண்டு முந்தையதன் மீது ஏறி உட்காருகிறது. இந்தப் படிப்படியான ஏற்றத்துக்குக் கேட்பவரின் பொறுமை தேவை. ஒலிநூல் அந்தப் பொறுமையை நமக்குக் கட்டாயமாக்குகிறது.

ஜார்ஜ், வீடன் கிராஸ்மித் சகோதரர்கள் ‘பஞ்ச்’ இதழில் எழுதி 1892இல் நூலாக்கிய ‘தி டைரி ஆஃப் எ நோபடி’யும் ஒற்றைக் குரலுக்கு ஏற்றது. லண்டன் குமாஸ்தா பூட்டர் தம் அன்றாட வாழ்வை மிகுந்த மரியாதையோடு பதிவுசெய்கிறார். சிவப்பு எனாமல் பெயின்ட் வாங்கியதும் கண்ணில் பட்டதையெல்லாம் பூசுகிறார். ஷேக்ஸ்பியர் புத்தகங்களின் முதுகும் குளியல் தொட்டியும் அதற்குத் தப்பவில்லை. சூடான நீரில் பெயின்ட் கரைய, தம் உடலில் இரத்தம் பெருகுவதாக நினைத்து நடுங்குகிறார். இதை வாசிப்பவர் பூட்டரைக் கேலி செய்தால் நூல் செத்துவிடும். அவர் பக்கம் நின்று, அவருடைய கண்ணியத்தை நம்பி வாசிக்க வேண்டும். அப்போது சிரிப்போடு பூட்டர் மீது அன்பும் வருகிறது. மிக நல்ல நகைச்சுவையில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஸ்டீஃபன் லீகாக்கின் ‘லிட்டரரி லாப்ஸஸ்’ (1910) தொகுப்பில் வரும் வங்கிக் கதை சில நிமிடங்களே ஓடும். 56 டாலரை வங்கியில் போட வந்தவர் பயத்தில் மேலாளரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறார். மேலாளர் அவரைத் துப்பறிவாளர் என்று நினைத்துவிடுகிறார். பணத்தைக் கட்டிய மறுநிமிடமே தடுமாறி முழுத்தொகைக்கும் காசோலை எழுதித் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார். புதிதாக ஒலிநூல் கேட்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

கண்ணுக்குக் கடினமாகவும் காதுக்கு எளிதாகவும் இருக்கும் எழுத்தும் உண்டு. ஃபின்லி பீட்டர் டன் 1890களில் எழுதிய மிஸ்டர் டூலி, சிகாகோவில் மதுக்கடை நடத்தும் ஐரிஷ்காரர். அரசியலைப் பற்றிய அவருடைய பேச்சு ஐரிஷ் உச்சரிப்பு தெரியும்படி சிதைத்து எழுதப்பட்டது. பக்கத்தில் அதைப் படிப்பது எழுத்துக்கூட்டும் வேலை. அந்தப் பேச்சு வழக்கு அறிந்த ஒருவர் வாசித்தால் முடிச்சு தானாக அவிழ்கிறது. தமிழில் வட்டார வழக்கு எழுத்தைப் படித்துத் தடுமாறியவர்களுக்கு இந்த நன்மை உடனே புரியும்.

உரையாடலின் சிரமம்

ஆஸ்கர் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ 1895 பிப்ரவரி 14 அன்று லண்டனில் அரங்கேறியது. இத்தகைய நாடகங்களை லிப்ரிவாக்ஸ் பாத்திரம் பாத்திரமாகப் பதிவுசெய்கிறது. ஒருவர் ஒரு நாட்டில் தம் வசனங்களை மட்டும் வரிசையாகப் பேசி அனுப்புவார். எதிர்ப்பாத்திரம் வேறொரு நாட்டிலிருந்து வரும். தொகுப்பவர் இரண்டையும் வெட்டி ஒட்டி உரையாடலாக்குவார். பெரும் உழைப்பு இது. ஆனாலும் வைல்டின் உரையாடல் பந்துபோல் உடனுக்குடன் திரும்பி வர வேண்டியது. பேசுபவர் எதிராளியின் குரலையே கேட்காமல் பேசும்போது அந்த வேகம் தளர்கிறது. தொகுப்பவருடைய காதுதான் அதை மீட்க வேண்டும். இடைவெளியைக் கவனமாகக் குறைத்த பதிப்பு அரங்குக்கு அருகில் வருகிறது, அப்படியே விட்டது ஒத்திகையாக நின்றுவிடுகிறது.

சாகியின் சிறுகதைகளில் சிக்கல் வேறு. மனிதர் மொழி கற்றுக்கொண்ட பூனை, விருந்துக்கு வந்தவர்களின் ரகசியங்களைச் சபையில் போட்டு உடைக்கும் ‘டோபர்மரி’யிலும், சிறுமி ஒருத்தி கட்டிவிடும் கதையை நம்பி விருந்தாளி ஓடும் ‘தி ஓப்பன் விண்டோ’விலும் வார்த்தைச் சிக்கனம் அதிகம். அடி கடைசி வாக்கியத்தில் விழுகிறது. வேகமாக வாசித்தால் கேட்பவர் அதைத் தவறவிடுவார். நிதானமான தனிக்குரலே சாகிக்குப் பொருந்துகிறது.

செய்யுள்: ஒலியே பொருள்

நகைச்சுவைச் செய்யுளில்தான் ஒலிநூல் முழு வெற்றி பெறுகிறது. அங்கே சந்தமும் எதுகையும் வாசிப்பவருக்கு வழிகாட்டுகின்றன. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லிவிடுகிறது. லிப்ரிவாக்ஸில் வாரம் ஒரு கவிதையைத் தேர்ந்தெடுத்து, பலர் தனித்தனியே வாசித்துப் பதியும் வழக்கம் உண்டு. ஒரே பாட்டை ஸ்காட்லாந்துக் குரலிலும் அமெரிக்கத் தென்மாநிலக் குரலிலும் இந்தியக் குரலிலும் அடுத்தடுத்துக் கேட்பதைவிடச் சிறந்த யாப்புப் பாடம் கிடையாது.

லூயிஸ் கரோலின் ‘ஜாபர்வாக்கி’ (1871) பொருளற்ற சொற்களால் ஆனது. ஆனாலும் ஒரு வீரகதை கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. இந்தச் சொற்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்காக, ‘தி ஹன்ட்டிங் ஆஃப் தி ஸ்நார்க்’ (1876) முன்னுரையில் கரோலே விளக்கம் எழுதினார். தம் பாட்டு உரக்க வாசிக்கப்படும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆலிஸின் கதையே 1862 ஜூலை 4 அன்று படகில் போகும்போது மூன்று சிறுமியருக்கு வாயால் சொன்னதிலிருந்து பிறந்ததுதான். ஆலிஸில் வரும் பாட்டுகள் பல, அக்காலப் பள்ளிகளில் மனப்பாடமாகச் சொல்லவைத்த நீதிப் பாட்டுகளின் கேலி. மூலப் பாட்டுகளை இன்று பெரும்பாலோர் அறியமாட்டார்கள். கேலி மட்டும் வாழ்கிறது. தாக்கப்பட்டது மறைந்த பிறகும் ஒலியின் குதூகலம் தனியே நிற்க முடியும் என்பதற்கு இது சான்று.

எட்வர்ட் லியரிடம் நமக்குத் தனி உறவு இருக்கிறது. ஓவியரான அவர் வைசிராய் நார்த்புரூக்கின் அழைப்பில் 1873 இறுதியில் இந்தியா வந்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்தார். அந்தப் பயணத்தில் பிறந்த ‘தி கம்மர்பண்ட்’ என்ற பாட்டு 1874இல் பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வெளியாயிற்று. அதில் இடுப்புக் கச்சை ஒரு கொடிய விலங்காகி நாயகியை விழுங்குகிறது. அவள் உட்காரும் ஆசனத்தின் பெயர் டோபி. பங்காக்கள் அவளைப் பார்த்து அழகி என்று வியந்து போகின்றன. சமையற்காரர்கள் உயர்ந்த மரங்களாக நிற்கிறார்கள், பரிமாறுபவர்கள் கொடிகளாகத் தொங்குகிறார்கள். இங்கிலாந்தில் கேட்பவருக்கு இவை மயக்கும் வெறும் ஒலிகள். நமக்கோ ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியும், அதனால் ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது வேடிக்கை ஒன்று காத்திருக்கிறது. ஓர் இந்தியர் இந்தப் பாட்டை நம் உச்சரிப்பில் பதிந்தால் அது மற்ற எந்தப் பதிவுக்கும் இல்லாத செழுமையைப் பெறும்.

டபிள்யூ. எஸ். கில்பர்ட்டின் ‘பாப் பாலட்ஸ்’ துள்ளும் சந்தத்தில் கொடூரமான கதைகளைச் சொல்பவை. அவற்றில் அக்கால லண்டன் மனிதர்களைக் குத்தும் இடங்கள் இன்று விளங்குவதில்லை. ஹிலேர் பெலாக்கின் ‘காஷனரி டேல்ஸ்’ (1907) அந்தக் குறையே இல்லாதது. பொய் சொன்ன சிறுமி தீயில் மாள்கிறாள், ஆயாவின் கையை விட்ட சிறுவனைச் சிங்கம் தின்கிறது. நீதி போதிக்கும் பெரியவரின் கனத்த குரலில் இவற்றை வாசித்தால் போதும், பிள்ளைகள் விழுந்து சிரிப்பார்கள்.

குரலுக்கு அடங்காதவை

எல்லா நகைச்சுவையும் காதுக்கு வந்துவிடாது. ஆலிஸில் எலி சொல்லும் கதை, அச்சில் வளைந்து வளைந்து சிறுத்துக்கொண்டே போகும் வால் வடிவில் இருக்கிறது. அந்த வேடிக்கை கண்ணுக்கானது. லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’ (1759–67) நாவலில் முழுக்கக் கறுப்பாக அச்சிட்ட பக்கமும், வாசகரே நிரப்ப விட்ட வெற்றுப் பக்கமும் உண்டு. குரல் அவற்றை அறிவிக்கலாம், காட்ட முடியாது. லியரின் குறும்பாடல்களுக்கு அவரே வரைந்த கோட்டோவியங்கள் பாதி உயிர். அவற்றைப் பார்க்காமல் கேட்பவர் அந்தப் பாதியை இழக்கிறார்.

இதைவிடப் பெரிய சிக்கல் அறம் சார்ந்தது. அக்கால ஆங்கில நகைச்சுவையில் கறுப்பின மக்களையும் யூதர்களையும் காலனி மக்களையும் இழிவுபடுத்தும் சொற்களும் சித்திரங்களும் ஏராளம். லிப்ரிவாக்ஸ் மூலத்தை மாற்றுவதில்லை. எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி சரியானது என்றே கருதுகிறேன். பழைய நூலைத் திருத்திச் சுத்தமாக்கினால் அக்காலம் தன்னைப் பற்றிச் சொல்லும் சாட்சியம் அழிந்துபோகும். ஆனால் அச்சில் கண் தாண்டிவிடும் இழிசொல் காதில் உரக்க விழும். பிள்ளைகளோடு கேட்பவர்கள் முன்கூட்டிக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இயந்திரக் குரல்

2023இல் புராஜெக்ட் குட்டன்பெர்க், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடனும் எம்ஐடியுடனும் சேர்ந்து, கணினி உருவாக்கிய குரலில் ஏறக்குறைய 5,000 ஒலிநூல்களை இலவசமாக வெளியிட்டது. லிப்ரிவாக்ஸ் மனிதக் குரலை மட்டுமே ஏற்கிறது. வரலாறு, அறிவியல், பயண நூல்களுக்கு இயந்திரக் குரல் பெரும் உதவி. பார்வையற்றவருக்கு, எந்தக் குரலுமே கிடைக்காத நூலைவிட இயந்திரக் குரலில் கிடைக்கும் நூல் எவ்வளவோ மேல். நகைச்சுவையில் அது தோற்கிறது. இயந்திரம் நிறுத்தற்குறியைப் பார்த்து நிறுத்துகிறது. ட்வைன் சொன்ன மௌனத்துக்கு நிறுத்தற்குறி கிடையாது. வேடிக்கை எங்கே வருகிறது என்று புரிந்துகொண்டு, அதை மறைத்து, எதிரே இல்லாத ஒருவருடைய சிரிப்பை மனத்தில் கேட்டு வாசிப்பவருக்குத்தான் அது கைவரும். பயிற்சி இல்லாத தன்னார்வலரின் தடுமாறும் வாசிப்பிலும் இந்தப் புரிதல் தென்படுகிறது. அதனால்தான் அது கேட்கத் தகுந்ததாக இருக்கிறது.

தமிழுக்கு என்ன செய்யலாம்

இந்தக் கேள்வியை நம் பக்கம் திருப்பாமல் ஆய்வு முழுமை பெறாது. சட்டத்தைப் பொறுத்தவரை தமிழ் நகைச்சுவை ஆங்கிலத்தைவிட நல்ல நிலையில் இருக்கிறது. 60 ஆண்டு விதிப்படி, பாரதி (மறைவு 1921), புதுமைப்பித்தன் (1948), எஸ்.வி.வி. (1950), கல்கி (1954), கவிமணி (1954), தேவன் (1957), பம்மல் சம்பந்த முதலியார் (1964) ஆகியோரின் எழுத்துகள் இன்று இந்தியாவில் பொதுச் சொத்து. 1998 முதல் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி வருகிறது. உரையும் உரிமையும் கையில் இருக்கின்றன.

கல்கியின் வரலாற்று நாவல்களைப் பலர் யூடியூபிலும் பாட்காஸ்ட்களிலும் வாசித்திருக்கிறார்கள். நகைச்சுவைக்கு அந்த அளவு குரல் கிடைக்கவில்லை. இன்னொரு வேறுபாடும் முக்கியம். இலவசமாகக் கேட்க முடிகிற பதிவு வேறு, பொதுச் சொத்தாக்கப்பட்ட பதிவு வேறு. ஒரு யூடியூப் சேனல் மூடப்பட்டால் அதில் இருந்த வாசிப்பும் போய்விடும். யாரும் நகலெடுத்து வைத்துக்கொள்ள அனுமதித்த பதிவு அப்படி அழியாது. தமிழில் வாசிப்பவர்கள் தம் பதிவுகளை இந்த முறையில் வெளியிட்டால் பள்ளிகளும் நூலகங்களும் பார்வையற்றோர் அமைப்புகளும் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்ள முடியும்.

எங்கே தொடங்குவது என்பதற்கு இந்த ஆய்வே வழி சொல்கிறது. தனிக்குரலில் சொல்லும் கதைகளும் சந்தம் உள்ள பாட்டுகளும் காதில் சிறக்கும். வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’ முதலில் வர வேண்டும். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கும் சீடர்களும், தன்னை விட்டுவிட்டு எண்ணி ஆள் குறைகிறது என்று அழும் கூட்டமும் பத்துப் பத்து நிமிடங்களில் அடங்கும். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ திருநெல்வேலிப் பேச்சு அறிந்த, முகத்தில் சலனம் காட்டாத ஒரு குரலுக்காகக் காத்திருக்கிறது. கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் துயரத்தைச் சொல்லும் செய்யுள். அதில் கேலியும் கண்ணீரும் சேர்ந்தே ஓடுகின்றன. நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருவர் வாசித்தால் மட்டுமே அதன் முழு வீச்சும் வெளிவரும். காளமேகப் புலவரின் சிலேடைப் பாட்டுகளை, ஒரு முறை ஒரு பொருளிலும் மறுமுறை மற்றொரு பொருளிலும் பிரித்து வாசித்துக் காட்டலாம். அச்சில் உரையாசிரியர் அரைப்பக்கத்தில் விளக்குவதைக் குரல் ஓர் இடைவெளியில் விளக்கிவிடும்.

கதாகாலட்சேபத்தையும் வில்லுப்பாட்டையும் கேட்டு வளர்ந்த மொழி இது. நகைச்சுவையை வாயால் சொல்லும் கலை நம்மிடம் நிறையவே இருக்கிறது. லிப்ரிவாக்ஸ் நமக்குக் கற்றுத் தருவது அமைப்பு முறையை: குரலைத் தரம்பிரித்து யாரையும் விலக்காதது, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்பது, பதிவை எல்லோருக்கும் உரியதாக்குவது. ஒரு கல்லூரித் தமிழ்த்துறையோ ஓர் ஊர் வாசகர் வட்டமோ ஓராண்டில் பரமார்த்த குருவையும் எஸ்.வி.வி.யின் சில நூல்களையும் பதிந்து முடித்துவிட முடியும். செல்பேசியும் சத்தமில்லாத அறையும் மூலத்தைக் கையில் பிடித்துக் கேட்க ஒரு நண்பரும் இருந்தால் இந்த வேலையைத் தொடங்கலாம்.